தேயாத பிளாஸ்டிக் எது? பட்டறைக்கு அடிக்கடி வரும் கேள்விகள்

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், சிம்பாங் அம்பாட்டில் ஒரு சிறிய கடைசல் பட்டறை வைத்திருக்கிறேன். எங்களுக்கு வருவதில் பாதிக்கு மேல் பிளாஸ்டிக் வேலை: புஷ் (ஷாஃப்ட் என்கிற சுழலும் தண்டைச் சுற்றித் தாங்கும் குழல் வளையம்), ரோலர், கியர், சறுக்குப் பட்டை. செம்பனை (எண்ணெய்ப் பனை) ஆலைக்காரர்கள் வருவார்கள், உணவுத் தொழிற்சாலைப் பராமரிப்புத் தம்பிகள் வருவார்கள், பாலத்துக்கு அந்தப் பக்கம் பாயான் லெப்பாஸில் சிப் தொழிற்சாலைகளுக்குப் பாகம் செய்து தருபவர்களும் வருவார்கள். இயந்திரங்கள் வேறு வேறு என்றாலும் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றுதான். வாட்ஸ்அப்பில் தனித்தனியாக எழுதிக்கொண்டே இருப்பதைவிட ஒரே இடத்தில் வைத்துவிடலாம் என்று இதைத் தொகுத்தேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

அண்ணே, தேயாத பிளாஸ்டிக் எது? ஒரே ஒரு பேரைச் சொல்லுங்க போதும்.

ஒரே பெயர் சொல்ல முடியாது, ஏனென்றால் தேய்மானம் ஒரே வகை இல்லை. மணலும் கல்லும் உரசித் தேய்வது ஒன்று. சுத்தமான ஷாஃப்ட் சுழன்று தேய்வது இன்னொன்று. சூட்டில் இளகி வழிவதையும், மேலிருந்து பொருள் விழுந்து அடிபட்டுச் சிதைவதையும் எல்லோரும் தேய்மானம் என்றே சொல்கிறார்கள். முதல் வகையில் ஜெயிக்கிற பிளாஸ்டிக் மூன்றாவது வகையில் ஒரு நாள்கூடத் தாங்காது.

அதனால் நான் எல்லோரிடமும் கேட்பது ஒன்றுதான். தேய்ந்துபோன பழைய பாகத்தைக் கொண்டு வாருங்கள், கழுவாமல் கொண்டு வாருங்கள். துளை முழுக்கச் சீராகப் பளபளத்தால் அது இயல்பான தேய்மானம். பொருள் சரி, ஆயுள் முடிந்தது. சுற்றிலும் கோடு கோடாகக் கீறியிருந்தால் தூசி உள்ளே போகிறது. ஓரத்தில் உதடு மாதிரி பிதுங்கியிருந்தால் சூடு. ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் ஷாஃப்ட் நேராக இல்லை. அங்கே எந்த விலையுயர்ந்த பிளாஸ்டிக்கைப் போட்டாலும் பணம் வீண். வெடிப்பு விட்டிருந்தால் ரசாயனத்தையோ நீராவியையோ சந்தேகப்பட வேண்டும்.

நைலான், டெல்ரின், டெஃப்லான், யுஎச்எம்டபிள்யூ... எதை எங்க போடுறது?

மணல், தானியம், சிப்பம், நனைந்த பழக்குலை என்று எதுவாவது மேலே சறுக்கிக்கொண்டே போகும் இடத்துக்கு யுஎச்எம்டபிள்யூ. பாலிஎத்திலீன் குடும்பம்தான், ஆனால் மூலக்கூறு சங்கிலி மிக மிக நீளம். ஈரம் குடிக்காது, அமிலத்துக்கு அசையாது, நன்றாக வழுக்கும். ஆனால் மென்மையானது, பாரம் ஏற்றினால் அமுங்கும், 80 டிகிரிக்கு மேல் அதை நம்ப வேண்டாம், 135 டிகிரி வாக்கில் உருகிவிடும். துல்லியமான புஷ்ஷுக்கு அது ஆகாது.

பாரம் அதிகம், வேகம் குறைவு, அடியும் விழும் என்றால் வார்ப்பு நைலான். எண்ணெய் கலந்த வகை கிரீஸ் போட முடியாத இடத்துக்கு அருமையானது. சாம்பல் கலந்த கறுப்பில் வருவது மாலிப்டினம் டைசல்ஃபைடு கலந்தது. நைலானுக்கு ஒரு பெரிய குறை உண்டு, ஈரம். அதற்குக் கீழே தனியாக எழுதியிருக்கிறேன். அளவு மாறக் கூடாது, தண்ணீரும் படும் என்றால் பிஓஎம், அதாவது பலர் டெல்ரின் என்று சொல்வது. எதற்கும் ஒட்டாத வழுக்கலும் சூடு தாங்கும் குணமும் வேண்டுமென்றால் டெஃப்லான், அதுவும் கலப்பு வகை.

கூர்மையான பொருள் உயரத்திலிருந்து விழுந்து மோதும் இடத்துக்கு இந்த நாலுமே சரியில்லை. அங்கே ரப்பர் மாதிரி வாங்கிக்கொண்டு திருப்பித் தரும் பாலியூரிதீன்தான் வேண்டும்.

டெல்ரினும் பிஓஎம்மும் ஒண்ணா, வேறயா?

பிஓஎம் என்பது பொருள். டெல்ரின் என்பது ட்யூபான்ட் கொண்டுவந்த வணிகப் பெயர். ஆனால் பிஓஎம்மில் ஹோமோபாலிமர், கோபாலிமர் என்று இரண்டு உண்டு. டெல்ரின் முதல் வகை. கோபாலிமரைவிடக் கொஞ்சம் கெட்டி, பலமும் கொஞ்சம் கூடுதல். ஆனால் கடையில் “டெல்ரின்” என்று கேட்டால் பெரும்பாலும் கையில் கிடைப்பது கோபாலிமர்தான். சாதாரண புஷ்ஷுக்கு அதனால் நஷ்டமில்லை.

வித்தியாசம் தெரிவது கம்பியின் நடுவில். ஹோமோபாலிமர் கம்பியின் மையத்தில் நுண்துளைகள் இருக்கும், வெட்டிப் பார்த்தால் வெளிறிய புள்ளியாகத் தெரியும். நடுவில் பெரிய துளை போடுகிற பாகமென்றால் அது சீவலோடு போய்விடும். நடுப்பகுதியே அழுத்தத்தைத் தடுத்து நிற்க வேண்டிய வால்வு பாகமென்றால் கசியும். அதற்குக் கோபாலிமர் கேட்டு வாங்குங்கள். வெந்நீரும் காரமும் படும் இடத்திலும் கோபாலிமரே மேல்.

கடையில ரெண்டு வெள்ளைக் கம்பி பேரு இல்லாம கிடக்குது. எது நைலான், எது டெல்ரின்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

நெருப்பு வைத்து முகர்ந்து பார்க்கும் பழக்கம் பல பட்டறைகளில் இருக்கிறது. தயவுசெய்து விட்டுவிடுங்கள். பிஓஎம் எரிந்தால் வருவது ஃபார்மால்டிஹைடு. தீச்சுடரும் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது.

ஒரு வாளித் தண்ணீரும் உப்பும் போதும். ஒரு சிறு துண்டை வெட்டித் தண்ணீரில் போடுங்கள். மிதந்தால் யுஎச்எம்டபிள்யூ அல்லது அதன் உறவு. அதன் அடர்த்தி 0.93 வாக்கில். மூழ்கினால், உப்பு இனிமேல் கரையாது என்கிற அளவுக்குக் கரைத்த தண்ணீரில் போடுங்கள். அந்த உப்புநீரின் அடர்த்தி சுமார் 1.2. நைலான் 1.15, அதனால் மேலே வரும். பிஓஎம் 1.41, அடியில் போய் உட்காரும். டெஃப்லான் 2.2, கையில் எடுத்தாலே கனம் சொல்லிவிடும். துண்டில் காற்றுக் குமிழி ஒட்டியிருந்தால் விரலால் துடைத்துவிட்டுப் பாருங்கள். கண்ணாடி இழை கலந்த பொருளுக்கு மட்டும் இந்தச் சோதனை ஏமாற்றிவிடும்.

டெஃப்லான்தானே எல்லாத்தையும் விட வழுக்குது? அப்புறம் ஏன் சீக்கிரம் தேயுது?

வழுக்குவது வேறு, தேயாமல் இருப்பது வேறு. டெஃப்லான் வழுக்குவதற்குக் காரணமே அதன் படலங்கள் ஒன்றின்மேல் ஒன்று எளிதாக நழுவி உரிவதுதான். உரிந்த படலம் ஷாஃப்டில் மெல்லியதாக ஒட்டிக்கொள்கிறது, அதனால் உராய்வு குறைகிறது. அதே உரிதல்தான் தேய்மானமாகவும் கணக்கில் ஏறுகிறது. போதாததற்கு, பாரம் வைத்தால் மெல்ல மெல்ல வழிந்து வடிவமும் மாறும்.

வெண்கலத் தூள், கார்பன் அல்லது கண்ணாடி இழை கலந்தால் தேய்மானம் நூறு மடங்குக்கு மேல் குறையும். கண்ணாடி கலந்ததை மென்மையான ஷாஃப்டில் போடாதீர்கள். புஷ் பிழைத்துக்கொள்ளும், ஷாஃப்ட் தேய்ந்துவிடும்.

புஷ் தாங்குமான்னு போடுறதுக்கு முன்னாடியே கணக்குப் பார்க்க முடியுமா?

முடியும், பார்த்தே ஆக வேண்டும். அழுத்தத்தையும் வேகத்தையும் பெருக்கிப் பார்ப்பது. பிவி என்று சொல்வார்கள். ஷாஃப்ட் 25 மி.மீ., புஷ் நீளம் 25 மி.மீ., பாரம் 20 கிலோ (சுமார் 200 நியூட்டன்), நிமிடத்துக்கு 200 சுற்று என்று வைத்துக்கொள்வோம். பாரம் தாங்கும் பரப்பு 25 பெருக்கல் 25, அதாவது 625 சதுர மி.மீ. அழுத்தம் 0.32 மெகாபாஸ்கல். மேற்பரப்பு வேகம் 3.14 பெருக்கல் 0.025 பெருக்கல் 200, அதை 60ஆல் வகுத்தால் வினாடிக்கு 0.26 மீட்டர். இரண்டையும் பெருக்கினால் சுமார் 0.08. எண்ணெய் இல்லாமல் ஓடும் சாதாரண நைலானுக்கும் பிஓஎம்முக்கும் எல்லை ஏறக்குறைய 0.1. ஆகத் தாங்கும், ஆனால் விளிம்பில். சுற்றை 400 ஆக்கினால் தாண்டிவிடும். அப்போது எண்ணெய் கலந்த நைலானுக்குப் போக வேண்டும், அல்லது மசகு கொடுக்க வேண்டும்.

எல்லை தாண்டினால் நடப்பது, உரசலில் பிறக்கும் சூடு வெளியே போக வழியில்லாமல் சேர்வது. இரும்பு கடத்தும் சூட்டில் நூறில் ஒரு பங்கைக்கூடப் பிளாஸ்டிக் கடத்தாது. அதனால் சுவர் தடிமனாக இருந்தால் ரொம்ப நாள் உழைக்கும் என்று நினைப்பது தவறு. மெல்லிய சுவர்தான் சூட்டைச் சீக்கிரம் வெளியே விடும். இதைத் தவ்கேமார்களுக்கு (முதலாளிகளுக்கு) புரியவைக்க எனக்கு எப்போதும் நேரம் பிடிக்கிறது. தடிமன் என்றால் கெட்டி என்று கண் சொல்கிறது.

புது நைலான் புஷ் போட்டோம், ரெண்டு மாசத்துல ஷாஃப்டை இறுக்கிப் பிடிச்சுக்கிச்சு. அளவு தப்பா?

வெட்டிய அன்று அளவு சரியாகத்தான் இருந்திருக்கும். நைலான் காற்றிலிருந்தே ஈரம் குடிக்கும். நைலான் 6 தண்ணீரிலேயே கிடந்தால் தன் எடையில் 9 சதவீதம் வரை ஏற்றிக்கொள்ளும். நம்ம ஊர்க் காற்றிலேயே 3 சதவீதம் எளிதாக வந்துவிடும். ஒரு சதவீத ஈரத்துக்கு நீளம் சுமார் 0.2 முதல் 0.3 சதவீதம் வளரும். வெளிவிட்டம் 40 மி.மீ. உள்ள புஷ்ஷுக்கு அது கால் மி.மீ.யைத் தாண்டும். வெளியே, புஷ்ஷை மாட்டியிருக்கும் இரும்பு வீடு (ஹவுசிங்) இறுக்கிப் பிடித்திருக்கிறது, அதனால் அந்த வளர்ச்சி முழுக்க உள்பக்கம் போய் ஷாஃப்டைப் பிடிக்கிறது.

இந்தத் தப்பை நானே செய்திருக்கிறேன். பட்டறை தொடங்கிய புதிதில், தினமும் தண்ணீர் பீய்ச்சிக் கழுவும் ஓர் உணவு வரிசைக்கு வெண்கல புஷ்ஷின் இடைவெளியையே வைத்து 12 நைலான் புஷ் கடைந்து கொடுத்தேன். மாட்டும்போது எல்லாம் அழகாக ஓடியது. சில வாரங்களில் மோட்டார் இழுக்க முடியாமல் நின்றது. அத்தனையும் என் செலவில் பிஓஎம்மில் மாற்றிக் கொடுத்தேன். முழு ஈரத்தில் பிஓஎம் குடிப்பது 1 சதவீதத்துக்கும் குறைவு.

நைலான்தான் வேண்டுமென்றால் இடைவெளியைத் தாராளமாக விடுங்கள். பிளாஸ்டிக் புஷ்ஷுக்கு ஷாஃப்ட் விட்டத்தில் 0.5 சதவீதம் என்று தொடங்கி, நைலானுக்கு ஈர வளர்ச்சியை அதன்மேல் கூட்டுங்கள். இறுக்கமாக அழுத்தி மாட்டும்போது வெளியே எவ்வளவு இறுக்கமோ ஏறக்குறைய அவ்வளவும் துளையில் குறையும்; அதையும் சேர்க்க மறக்காதீர்கள்.

அப்போ நைலான் வளையம் எதுவா இருந்தாலும் ஈரத்துல துளை சின்னதாகும்தானே?

இல்லை, இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். சுற்றிலும் எதுவும் பிடிக்காமல் சும்மா இருக்கும் வளையம் ஈரம் குடித்தால் முழு வளையமும் ஒரே விகிதத்தில் பெரிதாகும், துளையும் பெரிதாகும். சூட்டில் இரும்பு வளையம் விரிவது மாதிரிதான். மேலே சொன்ன புஷ்ஷில் துளை சுருங்கியதற்குக் காரணம் இரும்பு வீடு. ஷாஃப்டின் மேல் ஏற்றிய நைலான் கியருக்கு நேர் எதிர்: துளை பெரிதாகி ஷாஃப்டில் பிடி தளரும். அதனால்தான் நைலான் கியரை வெறும் இறுக்கத்தை நம்பி மாட்டாமல் சாவியும் (கீ என்கிற பூட்டுக் கட்டை) திருகும் போட்டுப் பிடிக்கிறோம்.

இரும்பு வெட்டுற இன்சர்ட்டையே போட்டு வெட்டலாமா?

வெட்டலாம், ஆனால் முகம் பஞ்சுப் பஞ்சாக வரும். இரும்புக்கான இன்சர்ட்டின் (கருவியில் மாட்டும் வெட்டுத் துண்டின்) முனை வேண்டுமென்றே லேசாக மழுக்கப்பட்டிருக்கும். பிளாஸ்டிக்குக்குக் கத்தி மாதிரி கூர் வேண்டும். அலுமினியத்துக்கென்று விற்கும், பூச்சு இல்லாத, மேல்முகம் மெருகேற்றிய இன்சர்ட் வாங்குங்கள். ஒருமுறை இரும்பு வெட்டிய முனையைத் திரும்பப் பிளாஸ்டிக்குக்குக் கொண்டு வராதீர்கள்.

நைலானிலும் யுஎச்எம்டபிள்யூவிலும் சீவல் உடையாது. நூல் மாதிரி வந்து, பாகத்தைப் பிடித்துச் சுழலும் சக்கை (chuck) சுற்றிக்கொள்ளும். கையால் இழுக்கவே கூடாது, இயந்திரத்தை நிறுத்திவிட்டு எடுங்கள். காற்றடித்துக்கொண்டே வெட்டினால் சீவலும் போகும், சூடும் போகும். ஃபீடை (கருவி நகரும் வேகத்தை) குறைத்துத் தடவிக்கொண்டே இருந்தால் வெட்டாமல் உரசும், அந்தச் சூடுதான் அளவைக் கெடுக்கும்.

டிரில் போடும்போது கவனம் இன்னும் அதிகம் வேண்டும். கொஞ்சம் இறக்கு, வெளியே எடு, சீவலைத் தட்டு, மறுபடி இறக்கு. மழுங்கிய டிரில்லை ஒரே மூச்சில் இறக்கினால் நடுவில் சூடு சேர்ந்து, தடித்த நைலான் கம்பி பட்டென்று வெடித்துப் பிளந்த சம்பவங்கள் உண்டு. கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

கடைஞ்சு முடிச்சப்ப அளவு கச்சிதம். மறுநாள் பார்த்தா தகடு வாழை மட்டை மாதிரி வளைஞ்சு கிடக்குது.

கம்பியையும் தகட்டையும் தயாரிக்கும்போது வெளிப்பக்கம் முதலில் குளிரும், உட்பக்கம் பிறகு குளிரும். அந்த இழுபறி உள்ளேயே தங்கிவிடுகிறது. ஒரு பக்கம் மட்டும் சீவி எடுத்தால் சமநிலை போய் வளைகிறது. இரண்டு பக்கமும் மாற்றி மாற்றிச் சமமாக எடுங்கள். முதலில் 1.5 முதல் 2 மி.மீ. மிச்சம் வைத்து வெட்டி, கழற்றி, ஒரு நாள் சும்மா கிடக்க விடுங்கள். அவசரக்காரர்கள் திட்டுவார்கள், பரவாயில்லை. மறுநாள் இறுதி வெட்டு.

துல்லியம் ரொம்ப வேண்டுமென்றால் இடையில் அடுப்பில் வைத்து ஆற்ற வேண்டும். பிஓஎம், நைலான் இரண்டுக்கும் 150 டிகிரி வாக்கில். மெதுவாக ஏற்றி, தடிமனுக்கு ஏற்ற நேரம் வைத்து, அதைவிட மெதுவாக இறக்குவது. நைலானைத் திறந்த காற்றில் சூடாக்கினால் மஞ்சளாகிக் கருகும். எண்ணெயிலோ நைட்ரஜனிலோ வைக்க வேண்டும்.

சக்குல இருக்கும்போது வட்டம், கழட்டினா முக்கோணம். லேத் கெட்டுப்போச்சா?

லேத் நல்லாத்தான் இருக்கிறது. மூன்று தாடை அழுத்தியதில் வளையம் அமுங்கி நிற்கும்போது வட்டமாகக் கடைந்தீர்கள். விட்டதும் அது பழைய நிலைக்குப் போகிறது. அழுத்தத்தைக் குறையுங்கள், பாகத்தின் அளவுக்கே கடைந்த மென்தாடை போடுங்கள், சுவர் மெல்லியதென்றால் உள்ளே ஒரு அடைப்புக் கட்டை செருகிப் பிடியுங்கள்.

யுஎச்எம்டபிள்யூ தகட்டை ஹாப்பருக்குள்ள பசை போட்டு ஒட்டலாமா?

பசை பிடிக்காது. எதுவும் ஒட்டாத குணத்துக்காகத்தானே அதை வாங்குகிறோம். தலை உள்ளே அமிழும் போல்ட் போடுங்கள், ஆனால் துளையை வட்டமாகப் போடாதீர்கள். ஒரு மீட்டர் தகடு 30 டிகிரி சூடு ஏறினால் சுமார் 6 மி.மீ. நீளும், பின்னால் இருக்கும் இரும்பு அரை மி.மீ.கூட நீளாது. வெயிலில் நிற்கும் ஹாப்பருக்கு (பொருள் கொட்டி இறக்கும் கொள்கலனுக்கு) 30 டிகிரி சாதாரணம். மேல் ஓரத்தில் ஒரு வட்டத் துளை, மற்றதெல்லாம் நீள்துளை. தகடுகளுக்கு நடுவிலும் இடைவெளி விடுங்கள், இல்லாவிட்டால் நடுவில் உப்பி நிற்கும், அதன் அடியில் பொருள் போய் அடைத்துக்கொள்ளும்.

செம்பனை ஆலையில பழம் வேக வைக்கிற இடத்துல நைலான் புஷ் போடலாமா?

வேண்டாம். அங்கே நீராவி 3 பார் வாக்கில், சூடு 140 டிகிரியைத் தொடும். நைலான் 220 டிகிரியில்தான் உருகும் என்று படித்துவிட்டுச் சிலர் துணிகிறார்கள். உருகாது, ஆனால் அந்தச் சூட்டில் நீராவி அதன் சங்கிலியையே அறுத்துவிடும். கொஞ்ச நாளில் பிஸ்கட் மாதிரி நொறுங்கும். பிஓஎம்முக்கும் அந்தச் சூடு அதிகம். கலப்பு டெஃப்லான் அல்லது பீக் (PEEK என்கிற, சூடு தாங்கும் பிளாஸ்டிக்) போடலாம். பீக் நைலானைவிடப் பல மடங்கு விலை, அதனால் முழுப் பாகத்தையும் பீக்கில் செய்யாமல் எஃகு உடம்பில் மெல்லிய பீக் புஷ் செருகித் தருகிறேன். கன்வேயர் பக்கம், வெளியே, சூடு இல்லாத இடத்தில் நைலான் தாராளமாகப் போடலாம்.

பாயான் லெப்பாஸ் வேலைக்கு சாதாரண வெள்ளை டெல்ரின் போதுமா?

தட்டு நகர்த்தும் வழிகாட்டிப் பட்டை மாதிரி சிப் தொடாத இடமென்றால் போதலாம், வரைபடத்தைப் பாருங்கள். சிப் தொடும் இடமென்றால் கூடாது. வெள்ளை பிஓஎம் உரசும்போது நிலைமின்சாரம் சேரும். அது சிப்பை ஓசையில்லாமல் கெடுத்துவிடும். நிலைமின்சாரத்தை மெதுவாகக் கசியவிடும் ஈஎஸ்டி வகை பிஓஎம், பீக் உண்டு. அதிலும் கார்பன் இழை கலந்தது சில சமயம் தேவைக்கு மேல் கடத்தும். வரைபடத்தில் மேற்பரப்பு மின்தடை எண் இருக்கும். அதைக் கேட்டு வாங்காமல் கறுப்பாக இருக்கிறதே என்று எடுத்து வெட்டாதீர்கள். கறுப்புச் சாயம் போட்ட சாதாரண பிஓஎம்மும் கடையில் இருக்கிறது.

வெட்டும்போது புகை வந்தா ஆபத்தா?

ஆமாம். பிஓஎம் பற்றி மேலே சொன்னேன், கண் எரியும், தொண்டை அடைக்கும். டெஃப்லான் மணமே இல்லாமல் ஏமாற்றும். அதிகச் சூட்டில் வரும் அதன் புகையை மூச்சில் இழுத்தால் சில மணி நேரம் கழித்துக் காய்ச்சலும் நடுக்கமும் வரும். கையில் டெஃப்லான் தூளோடு சிகரெட் பிடித்தாலும் அதேதான், சிகரெட் நெருப்பே அந்தச் சூட்டைக் கொடுத்துவிடும். எங்கள் பட்டறையில் டெஃப்லான் வெட்டும் நாளில் கை கழுவாமல் யாரும் தேநீருக்குப் போகக் கூடாது. சீவலையும் குப்பையோடு எரிக்காதீர்கள்.

எங்க மைக்ரோமீட்டர்ல 100.00 சரியா இருக்கு. வாங்குற இடத்துல 99.87ன்னு திருப்பி அனுப்புறாங்க. யாரு சொல்றது சரி?

இரண்டு பேர் சொல்வதும் சரி. உங்கள் பட்டறையில் 32 டிகிரி, அவர்கள் அளவு பார்க்கும் குளிர் அறையில் 20 டிகிரி. பிஓஎம் ஒரு டிகிரிக்கு, ஒரு மீட்டருக்கு சுமார் 0.11 மி.மீ. மாறும். 12 டிகிரி வித்தியாசத்தில் 100 மி.மீ. பாகம் 0.13 மி.மீ. சுருங்கும். இதே பாகம் எஃகாக இருந்தால் வித்தியாசம் 0.014தான், அதனால்தான் இரும்பு வேலையிலிருந்து வருபவர்களுக்கு இது தோன்றுவதே இல்லை. வெட்டியவுடன் சூடாக அளந்தால் தவறு இன்னும் கூடும்.

டெஃப்லானில் இது மேலும் சிக்கல். 19 டிகிரியில் அதன் உள்ளமைப்பே மாறி, கன அளவு ஒரு சதவீதத்துக்கு மேல் தாவும். குளிர் அறையின் 20 டிகிரி அந்தத் தாவலுக்கு வெகு அருகில் இருக்கிறது. இரண்டு டிகிரி இறங்கினால் எண் வேறு. அதனால் டெஃப்லான் வேலையில் எந்தச் சூட்டில் அளப்பது என்று முதல் நாளே பேசி எழுதிக்கொள்கிறேன். பாகம் அளவறையில் ஒரு இரவு கிடந்த பிறகு அளக்கச் சொல்கிறேன். பொதுவாகப் பிளாஸ்டிக் பாகத்துக்கு அளவில் 0.1 முதல் 0.2 சதவீதம் வரை தளர்வு கேளுங்கள், 100 மி.மீ.க்கு கூட்டியோ குறைத்தோ 0.1 என்றால் நியாயம். கூட்டியோ குறைத்தோ 0.01 என்று எஃகு வரைபடத்திலிருந்து அப்படியே நகலெடுத்து வந்தால், விலை சொல்வதற்கு முன் வரைந்தவரிடம் போன் போட்டுக் கேளுங்கள். நான் கேட்டவர்களில் பெரும்பாலானோர் மாற்றித் தந்திருக்கிறார்கள்.